4612-ஆம் வரியின் எடை

இராயபுரம்,
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும்.

அன்பு மகன் ஜெரினுக்கு,

ஆண்டவருடைய சமாதானம் உன்னோடு இருப்பதாக. உன் பெரியம்மா ரோஸ்மேரி முழு அன்போடும் அரைக் கோபத்தோடும் எழுதுகிறேன். நானும் பெரியப்பாவும் நலம். அவருடைய முழங்கால்தான் மழைக்கு முன்னாடியே மழை வருவதைச் சொல்லிவிடுகிறது. பெங்களூரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று உன் அம்மா பெனிஷா சொன்னாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. வாட்ஸப்பில் போட்டால் கட்டைவிரலைக் காட்டிவிட்டுப் போய்விடுவாய், அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் நர்சிங் ஹோம் மாதவரத்துக்கு இடம் மாறுகிறது. அங்கே பழைய பிரசவ ரிஜிஸ்டர்களை வைக்க இடமில்லை, எல்லாம் கம்ப்யூட்டரில் ஏறியதும் இருபத்தேழும் பழைய பேப்பர் கடைக்கு என்று டாக்டர் சினேகா முடிவு பண்ணிவிட்டார். முப்பத்தோரு வருஷம் அங்கே பிரசவம் பார்த்த நர்ஸ் என்பதால் டைப் அடிக்கிற வேலை என் தலையில் விழுந்தது, ப்ரோக்ராம் எழுதுகிற வேலை உன் தலையில். ஆறு மாசமாக ரெண்டே விரலால் பதினோராயிரம் குழந்தைகளை, ரிஜிஸ்டரில் இருந்தது இருந்தபடியே அடித்துக் கொடுத்தேன். அப்புறம் நீ போன் பண்ணி, "பெரியம்மா, எடைன்னு நீங்க அடிச்சது எதுவும் கம்ப்யூட்டருக்கு எண்ணே இல்ல. 2.8ன்னா அதுக்கு ரெண்டு, புள்ளி, எட்டு, மூணு எழுத்து, அவ்வளவுதான். அத எண்ணா மாத்துனாத்தான் கூட்டிக் கழிக்க முடியும்" என்றாய். எனக்கு 2.8 என்றால் ரெண்டு கையும் நிறைகிற ஒரு குழந்தை. அது வெறும் எழுத்து என்று இத்தனை வருஷத்தில் யாரும் சொன்னதில்லை. சரி, மாற்று என்றேன்.

மாற்றினாய். எங்கள் பழைய மேட்ரன் புள்ளி வைக்கிற இடத்தில் கமா போடுகிறவர். 2,900 என்று அவர் எழுதினால் ரெண்டு கிலோ தொள்ளாயிரம் கிராம். உன் ப்ரோக்ராம் அந்தக் கமாவை ஆயிரத்துக்குப் போட்டது என்று நினைத்துத் தூக்கி எறிந்துவிட்டது. தண்டையார்பேட்டையில் கயிறு வியாபாரம் பண்ணுகிற மஜீது பாய் தன் மகன் சுஹைபின் பிறப்பு விவரம் கேட்டு வந்தார், நானும் பெருமையாக பட்டனைத் தட்டி பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு ரெண்டு தரம் படித்தார். "இன்னா சிஸ்டர், எம் புள்ள ரெண்டாயிரத்துத் தொள்ளாயிரம் கிலோவாவா பொறந்தான்? ஹார்பர் கிரேன்லயா வெச்சு இறக்குனீங்கோ?" என்று கேட்டார். ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டயர் ஆன உன் பெரியப்பா இதைக் கேட்டுவிட்டு, மூணு டன் எல்லாம் தன் கிரேனுக்கு ஒரு வெயிட்டே இல்லை என்று அந்த வாரம் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அது போகட்டும்னா, அடுத்தது கூடை. 1997 நவம்பர் மழையில குழந்தை எடை பாக்குற தராசு துருப்பிடிச்சு உடைஞ்சு போச்சு. புதுசு வர மூணு வாரம் ஆச்சு. பெரியப்பாதான் காசிமேட்டுல மீன் ஏலம் விடுறவர்கிட்ட ஒரு தொங்கு தராசும் கூடையும் கேட்டு வாங்கியாந்தாரு. கூடைய டெட்டால்ல கழுவி, வெள்ளைத் துணி விரிச்சு, அதுல குழந்தைய வெச்சு எடை போட்டோம். எவ்வளவு கழுவியும் வார்டு பூரா வஞ்சிர வாசம். ஒருத்தி வலியோட வலியா சிரிச்சுக்கினே, "எம் புள்ள ஏலத்துல இன்னா ரேட்டுக்குப் போச்சு சிஸ்டர்?"னு கேட்டா. வெளியே முழங்கால் தண்ணி, கரண்ட் இல்ல, நாங்க அத்தனை பேரும் சிரிச்சோம். அந்த மூணு வாரத்த யாராவது திருப்பிக் குடுத்தா நான் இப்பவே கிளம்பிப் போயிடுவேன்டா ஜெரின். நான் நியாயமா "3.9 கூடையோடு"ன்னுதான் எழுதி வெச்சேன். உன் ப்ரோக்ராம் எழுத்தையெல்லாம் தள்ளிட்டு 3.9ஐ மட்டும் எடுத்துக்கிச்சு. மாசாமாசம் எடை ஏறி இறங்குறத உன் ப்ரோக்ராம் கோடா போட்டுக் காட்டுன படத்த டாக்டர் சினேகா பாத்துட்டு, "சிஸ்டர், அந்த மாசம் மட்டும் எல்லாக் குழந்தையும் எப்படி இவ்வளவு கொழுகொழுன்னு பொறந்துச்சு, அம்மாமாருங்க என்ன சாப்பிட்டாங்க?"ன்னு ஆசையா கேட்டாங்க. மழைக்குக் கஞ்சிதான் டாக்டர்னேன். கஞ்சியோட மகிமையப் பத்தி ஒரு கட்டுரை எழுத ஆரம்பிச்சுட்டாங்க. கூடைய நான் சொன்னதும் அவங்க முகம் விழுந்தது எனக்கே பாவமா இருந்துச்சு.

நீ கெட்டிக்காரன், எல்லாத்தையும் சரி பண்ணினாய். கமாவுக்குப் புள்ளி வைத்தாய், கூடைக்குத் தொள்ளாயிரம் கிராம் கழித்தாய். இப்போது மிச்சம் ஒரே ஒரு வரி. 4612. "எண் இல்லை" என்று சிவப்பாக நிற்கிறது. அந்தச் சிவப்பு போனால் சனிக்கிழமை பேப்பர் கடை வேன் வரும். நீயோ, "சும்மா 2.5ன்னு போட்டு முடிங்க பெரியம்மா" என்கிறாய். போட மாட்டேன். முப்பத்தோரு வருஷத்தில் நான் பொய் எடை எழுதியதில்லை, கூடையைக்கூட மறைத்ததில்லை. அந்தக் கட்டத்தில் இருப்பது ஒரு வாக்கியம். உன் திரையில் வரி எண்ணும் சிவப்பும்தான் தெரியும், நான் அடித்ததை நீ படித்திருக்க மாட்டாய். அதை எழுத்தாகவே ஏற்றுக்கொள்ளும்படி உன் ப்ரோக்ராமிடம் சொல். இல்லாவிட்டால் ஒரு ரிஜிஸ்டரும் அங்கிருந்து நகராது. வேனுக்கு முன்னால் நாற்காலி போட்டு நானும், பக்கத்தில் முழங்காலோடு பெரியப்பாவும் உட்கார்ந்துவிடுவோம். இதுதான் முடிவு.

மற்றபடி உன் வேலையும் உடம்பும் நல்லபடியாக இருக்க மாதா துணை நிற்பாள். பெரியப்பாவும் உன் தலையில் கை வைத்ததாகச் சொல்லச் சொன்னார்.

அன்புடன்,
பெரியம்மா ரோஸ்மேரி

பி.கு.: கவரை ஒட்டப் போனேன், மனசு கேட்கவில்லை. அந்த வாக்கியம் இதுதான்: "தராசில் வைக்கவில்லை. கீழே வைத்தால் போய்விடும் போலிருக்கிறது." தாய் பெயர் பெனிஷா, ஏழாம் மாசம், ஆண். நீ ரெண்டு கிலோ இருந்தாய் என்று உன் அம்மா சொல்லியிருப்பாள், அது அவள் தன் மனசைத் தேற்றிக்கொள்ளச் சொன்னது. அந்த மூன்று வாரத்தில் பிறந்த எல்லாரும் மீன் தராசில் ஏறினார்கள், உன்னை ஏற்ற மட்டும் எனக்குக் கை வரவில்லை. எழும்பூர் ஆஸ்பத்திரி போய்ச் சேருகிறவரை டாக்ஸியில் என் நெஞ்சோடு வைத்திருந்தேன். இதை எழுதிப் படித்ததும் பிடிவாதம் போய்விட்டது, நீயே இருக்கும்போது எனக்குத் தாள் எதற்கு. சனிக்கிழமை வேன் வரட்டும். 4612-இல் எண்ணே போட்டுவிடு. போன ஈஸ்டருக்கு வந்தபோது நர்சிங் ஹோம் தராசில் விளையாட்டாக ஏறி நின்றாய் அல்லவா, நான் எட்டிப் பார்த்துவிட்டேன். 91.4. கூடை இல்லாமல்.