காலிப் பெட்டியும் சணல் சுற்றிய குழாயும்

எந்த வேலையிலும் முழுதாக ஒரு வருஷம் தங்காதவனுக்கு ஒரு ஆபத்தான தைரியம் வந்துவிடும். எல்லா வேலையும் தெரியும் என்று தோன்றும். நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, திருப்பூரில் பிளம்பருக்குக் கையாள், பூனாவில் லாரி ஷெட், கொச்சியில் ஐஸ் கம்பெனி என்று சுற்றிவிட்டு, போக இடமில்லாமல் கடலூரில் அக்கா வீட்டில் வந்து விழுந்தேன். (வந்து சேர்ந்தேன் என்றுதான் எழுத நினைத்தேன். விழுந்தேன் என்பதே சரி.)

அக்கா வீட்டுக்காரர் செல்வம் மாமா திருப்பாதிரிப்புலியூரில் சாவு வீடுகளுக்கு ஐஸ் பெட்டி வாடகைக்கு விடும் கடை வைத்திருப்பவர். பெட்டியை ஏற்றிப்போக ஒரு டீசல் பிக்கப் வைத்திருந்தார். கிளட்ச் இல்லாத ஆட்டோமேட்டிக் வண்டி. பாண்டிச்சேரியில் யாரோ ஆசைக்கு வாங்கி, அலுத்துப்போய்த் தள்ளிவிட்டது. அந்த மாதிரி வண்டியில் கியர்பாக்ஸ் ஆயில் சூடாகும். இரண்டு இரும்புக் குழாய் வழியாக முன்பக்கம் இருக்கும் கூலருக்குப் போய், ஆறித் திரும்பும். கடலூர் உப்புக்காற்றில் அந்தக் குழாய்கள் துருப்பிடித்துக் கசிந்தன. புதுக் குழாய் சொல்லிவைத்துத்தான் வரும், அதுவரை வண்டியை எடுக்காதீர்கள் என்றார் மெக்கானிக்.

"அதே பைப்பப் போட்டா மறுபடியும் துருதானே மாமா புடிக்கும்? பெருசா, நல்லதா நானே மாத்திடறேன். பூனாவுல எவ்ளோ பாத்திருக்கேன்" என்றேன்.

(பார்த்தது உண்மை. டீ வாங்கிக்கொண்டுபோய்க் கொடுக்கும்போது பார்த்தேன்.)

துறைமுகத்துப் பக்கம் படகு சாமான் விற்கும் கடையில் தடிமனான ரப்பர் ஓஸ் வாங்கினேன். இரண்டு முனைக்கும் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பித்தளை நிப்பிள். மரை சரியாக ஏறவில்லை. திருப்பூரில் மரை ஏறாவிட்டால் என்ன செய்வோம்? சணல் சுற்றி, வெள்ளைப் பெயிண்ட் தடவி முறுக்குவோம். அதையே செய்தேன். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கும் கியர்பாக்ஸுக்கும் வித்தியாசம் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஊருக்குள்ளேயே நாலு சவாரி போனது. ஒரு சொட்டு கசியவில்லை. "கில்லாடிடா மச்சான் நீ" என்றார் மாமா. என்னை அப்படி யாரும் சொன்னதில்லை. இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

அப்போதுதான், அக்னி வெயில் நாட்களில் ஒரு விடியற்காலையில், சிதம்பரத்திலிருந்த மாமாவின் அப்பா இறந்துபோனார். மாமாவின் தங்கை கலா மஸ்கட்டிலிருந்து கிளம்பிவிட்டாள். "அப்பா மொகத்தப் பாக்கணும், நான் வர்ற வரைக்கும் எடுக்காதீங்க" என்று போனில் ஒரே அழுகை. அவள் வந்து சேரச் சாயங்காலம் ஆகும். அதுவரை உடம்பு தாங்க வேண்டும்.

"பக்கத்துத் தெருவுலயே பொட்டி கெடைக்குதுப்பா, சொல்லிடட்டுமா?" என்று மாமாவின் அம்மா சிதம்பரத்திலிருந்து போனில் கேட்டார்கள்.

மாமாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "ஊருக்கெல்லாம் பொட்டி குடுக்கறவன் அப்பன் வாடகப் பொட்டியிலயா படுக்கறது? நம்ம பொட்டி வருதும்மா."

காலையில் கிளம்பினோம். ஆலப்பாக்கம் தாண்டியதும் எஞ்சின் உறுமியது, வண்டி நகரவில்லை. இறங்கிப் பார்த்தால், வெள்ளைப் பெயிண்ட் சூட்டில் கரைந்து வழிந்துவிட்டது. சணல் நாராகத் தொங்கியது. ஆயில் தார் ரோட்டில் ஓடியது. அந்த ஆயில் சிவப்பு. நல்ல ரத்தச் சிவப்பு.

நுங்கு விற்றுக்கொண்டிருந்த அம்மாதான் முதலில் அலறினார். "ஐயையோ, பொட்டியிலேர்ந்து ரத்தம் ஒழுவுதே!"

பஸ் நின்றது. கூட்டம் கூடியது.

"ரத்தமில்லீங்க, ஆயிலு" என்றார் மாமா.

"பொணத்துல ஏதுய்யா ஆயிலு?"

பெட்டியை மூடியிருந்த தார்ப்பாயை இழுத்துப் பார்த்தார்கள். கண்ணாடிக்குள் யாரும் இல்லை. அதில் கோபம் இன்னும் ஜாஸ்தியானது.

"பொணம் எங்கடா?"

"வீட்ல இருக்குது."

"அப்ப பொட்டிய எதுக்கு ரோட்ல வெச்சிருக்க?"



தார்ப்பாயை மறுபடி மூடிக் கட்டினோம். புதுச் சணல் சுற்றினேன், இருந்த ஆயிலை ஊற்றினேன், கொஞ்ச தூரம் போய் மறுபடி நின்றோம். (ஆமாம், மறுபடியும் சணல்தான்.) வேறு வண்டி கேட்டால், சாவுப் பெட்டி என்றதும் ஒருவரும் நிற்கவில்லை. வீட்டிலிருந்து போன் வரும்போதெல்லாம் மாமா, "இதோ புதுச்சத்திரம் வந்துட்டேன்" என்றார். புதுச்சத்திரம் வரவே இல்லை. சிதம்பரத்து வீட்டில் மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் பாளம் வாங்கி வந்து மாமாவின் அப்பாவைச் சுற்றி அடுக்கியிருந்தார்கள்.

வெயில் சாயும்போது ஒரு வாடகைக் கார் எங்களைத் தாண்டிப்போய் நின்றது. கலா இறங்கி ஓடிவந்தாள். அண்ணன் இரண்டு கையும் சிவப்பாக நிற்கிறார். வண்டியில் மூடிய பெட்டி. அவள் வேறென்ன நினைப்பாள்? பெட்டியின் மேல் விழுந்து கட்டிக்கொண்டாள்.

"அப்பா... உன்ன நடுரோட்லயா போட்டு வெச்சிருக்காங்க!"

காலையிலிருந்து அழ நேரமில்லாத மாமாவும் அவளோடு சேர்ந்து உடைந்தார். காலிப் பெட்டிமேல் இரண்டு பேரும் தலையை முட்டிக்கொண்டு அழுதார்கள். நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"அவரு இதுல இல்லம்மா."

தலையைத் தூக்கினாள். "அப்ப இதுல யாரு?"

"யாருமில்ல."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத எனக்குத் தெரியவில்லை.

அண்ணனும் தங்கையும் காரில் போனார்கள். நான் கெஞ்சிக் கூத்தாடி, மீன் இறக்கிவிட்டுத் திரும்பிய ஒரு வேனில் பெட்டியை ஏற்றிக்கொண்டு சிதம்பரம் போய்ச் சேர்ந்தபோது, தெருவெல்லாம் பூ சிதறிக் கிடந்தது. வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு முன்பே பஸ்ஸில் வந்துவிட்டிருந்த அக்கா துடைப்பத்தோடு வாசலுக்கு வந்தாள்.

"எறக்காத. அப்படியே எடுத்துட்டுப் போ."

இறந்தவர் முகம் நிறைய மாறிவிட்டதாம். அந்த முகத்தைத்தான் கலா பார்த்தாளாம்.

இப்போது வண்டியில் ஒரிஜினல் குழாய் ஓடுகிறது. வீட்டில் குளியலறைக் குழாய் சொட்டினால்கூட என்னைத் தவிர எல்லோரையும் கூப்பிடுகிறார்கள். கலா லீவில் வந்தால், காலிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுத கதையை அவளே நடித்துக் காட்டுவாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்போம். காரில் ஏறியதோடு கதையை நிறுத்திவிடுவாள். அதற்குப் பிறகு நடந்ததை யாரும் கேட்பதில்லை.

அந்த நேரம் பார்த்து மாமாதான் ஏதாவது சொல்வார். பெரும்பாலும் இதைத்தான்:

"எல்லாருக்கும் பொட்டி அனுப்புவேன் மச்சான். ஒனக்கு மட்டும் அனுப்ப மாட்டேன். நீயே கடைக்கு நடந்து வந்து படுத்துக்க."