காலியாக வரும் விமானம்

"ஒரு ஆளுக்கு எவ்வளவும்மா?" என்று கேட்டார் ஒரின்பசார்.

"ஆள் கணக்கு இல்லைங்கய்யா. மொத்த விமானத்துக்கும்தான் வாடகை" என்றாள் தோமிரிஸ். விமானங்களை வாடகைக்கு விடும் அந்த அலுவலகத்தில் அன்று அவள் மட்டும்தான் இருந்தாள். "அதிராவிலிருந்து அல்மாட்டிக்கு ஒரு கோடியே இருபது லட்சம் தெங்கே."

ஒரின்பசார் இருபத்திரண்டு வருடங்களாக அல்மாட்டியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். மாணவன் நேராக லாரியைப் பார்த்துக் காரை விட்டாலும் அவர் முகம் மாறாது. இப்போது மாறியது. வலது கால் தானாகத் தரையில் பிரேக்கைத் தேடியது.

"மூணு மணி நேரம் பறக்கறதுக்கா?"

"ஆறு மணி நேரம். உங்க ஆளுங்களை இங்க இறக்கிட்டு விமானம் காலியா அதிராவுக்குத் திரும்பணுமே."

"காலியா போறதுக்கு நான் ஏன் பணம் தரணும்? அதுல யாரும் உக்காரலையே!"

"பைலட் உக்காந்திருப்பாருங்கய்யா."

"டாக்சிக்காரன் திரும்பும்போது வழியில கைகாட்டறவனை ஏத்திக்கிறான். இவரும் அப்படி யாரையாவது ஏத்திக்கட்டும்."

"வானத்துல யாருங்கய்யா கைகாட்டுவாங்க?"

ஒரின்பசாருக்கு இந்த வம்பு தேவையே இல்லை. போன மாதம் அதிராவில் மகள் அக்பொத்தாவுக்கு மாப்பிள்ளை வீட்டார் தோடு போட்டு நிச்சயம் செய்தார்கள். விருந்தில் ஏழாவது கோப்பைக்குப் பிறகு ஒரின்பசார் எழுந்து நின்றார். "சம்பந்தி! என் பொண்ணை அனுப்பிவைக்கிற விருந்துக்கு உங்களைத் தனி விமானம் வச்சுக் கூப்பிட்டுக்கிறேன்!" என்றார். அறுபது பேர் கைதட்டினார்கள். அதில் நாற்பது பேர் படம் பிடித்தார்கள்.

"குடிச்சிட்டு உளறினேன்னு சொல்லிடட்டுமா?" என்று மறுநாள் மனைவி ராய்குலிடம் கேட்டுப் பார்த்தார்.

"சொல்லுங்க. உங்க பொண்ணு அந்த வீட்டுல ஆயுசு முழுக்கத் தேநீர் ஊத்தும்போது, 'உங்கப்பா விமானம் எங்கேம்மா பறக்குது?'ன்னு கேப்பாங்க. ஒவ்வொரு கோப்பைக்கும் கேப்பாங்க."

அதனால்தான் அவர் இப்போது இந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அவர் முகத்தைப் பார்த்த தோமிரிஸ் கணினியில் எதையோ தேடினாள். "அய்யா, உங்களுக்கு அதிர்ஷ்டம் இருக்கு. அதே சனிக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஒருத்தர் அல்மாட்டியிலிருந்து அதிராவுக்கு விமானம் எடுத்திருக்கார். அவரை ஏத்திக்க அது அதிராவிலிருந்து காலைல காலியா வரணும். அந்தக் காலிப் பயணத்தை உங்களுக்குத் தர்றேன். முப்பத்தஞ்சு லட்சம்."

"பாத்தியா! கைகாட்டற ஆள் வானத்துலயும் இருக்கான்" என்றார் ஒரின்பசார். அந்த ஆள் தான்தான் என்பதில் அவருக்கு மிகுந்த பெருமை.

"ஒரே ஒரு நிபந்தனை. அன்னைக்கு விமானம் அவரோடது. அவர் நேரத்தை மாத்தினா உங்க நேரமும் மாறும்."

"யாரு அவரு?"

"பேர் சொல்லக் கூடாது. அதிராவ் ஆபீஸ்ல எடுத்திருக்கார்."

பழைய டொயோட்டாவை மாற்றுவதற்காக வைத்திருந்த பணம் முழுவதும் அன்றே போனது.

சம்பந்தி எசென்கெல்தியிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் குரல் ஏனோ சுரத்தில்லாமல் இருந்தது. "எதுக்கு சம்பந்தி வீண் செலவு? நாங்க ரயில்லயே வந்துடறோமே!"

மரியாதைக்குச் சொல்கிறார் என்று ஒரின்பசார் எடுத்துக்கொண்டார். "அதெல்லாம் கூடாது. எட்டு சீட்டு இருக்கு."

"எட்டா? சம்பந்தம் பண்ண ஒத்தைப்படையிலதானே வருவாங்க? எங்க பெரியம்மா ஒத்துக்கவே மாட்டாங்க."

"அப்ப ஏழு பேரா வாங்க."

"எட்டாவது சீட்டு?"

"பணம் கட்டியாச்சு. ஏதாவது உக்காரட்டும்."

"சரி, மீன் மூட்டையை உக்கார வைக்கிறேன். உப்பு போட்டுக் காயவச்ச மீன், நாப்பது கிலோ. விருந்து எத்தனை மணிக்கு முடியும் சம்பந்தி?"

"பன்னெண்டு மணிக்கு ஆரம்பிச்சு அஞ்சுக்கு முடிச்சிடுவோம்."

மீன் என்று கேட்டதும் தோமிரிஸ் இரண்டு லட்சம் கூட்டினாள், வாசனை போகக் கழுவுவதற்காம். இறக்கையில் பனி உறைந்தால் அதை அகற்ற மூன்று லட்சம் என்றாள்.

"என் கார்ல நானே சுரண்டறேன். ஏணி குடுங்க, இதையும் சுரண்டறேன்" என்றார் ஒரின்பசார். அவள் ஏணி கொடுக்கவில்லை.

பிறகு ராய்குல் தன் பங்குக்கு ஒரு பாடகரை ஏற்பாடு செய்தாள். அவர் மேடையேறினால் மூன்று மணி நேரத்துக்கு இறங்க மாட்டார். "எட்டு மணி ஆயிடும் சம்பந்தி" என்று ஒரின்பசார் அதிராவுக்குச் சொல்லிவைத்தார்.

மறுநாள் காலை தோமிரிஸ் அழைத்தாள். "அய்யா, அந்த வாடிக்கையாளர் ஏழு மணியை ராத்திரி பத்து மணியா மாத்திட்டார். பைலட்டுக்குக் காத்திருக்கிற நேரமும் வேலை நேரம்தான், அதுக்கு ஒரு வரம்பு இருக்கு. அதனால விமானம் காலைல பத்து மணிக்கு வராது, மத்தியானம் ஒரு மணிக்குத்தான் வரும்."

பன்னிரண்டு மணிக்கு விருந்து, ஒரு மணிக்கு விருந்தாளிகள். வேறு வழியில்லை. ஒரின்பசார் மண்டபத்துக்குக் கூடுதல் வாடகை கட்டி விருந்தை மூன்று மணிக்குத் தள்ளினார். "மூணுக்கு ஆரம்பிச்சு முடிய பதினொண்ணு ஆகும் சம்பந்தி" என்றார். மறுமுனையில் நீண்ட பெருமூச்சு கேட்டது.

அதற்கு மறுநாள்: "அய்யா, அவர் மறுபடியும் மாத்திட்டார். ராத்திரி ஒரு மணி. விமானம் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் வரும்."

ஒரின்பசார் காரில் இருந்தார். பக்கத்தில் ஒரு மாணவி மூன்றாவது முறையாகக் காரைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தாள். "அந்தாள்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லும்மா! அது விமானமா இல்ல வீட்டுக் கதவா, நினைச்சப்ப திறந்து நினைச்சப்ப மூட? ஒரு நேரம்னா அந்த நேரத்துல நிக்கத் தெரியாதா?"

மாணவி பயந்து காரை அப்படியே நிறுத்தினாள்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "'எனக்கு நேரம் சொல்ற ஆளு ஒரு கிறுக்கன். அவன் ஒரு நேரத்துல நின்னா நானும் நிப்பேன்'னு சொல்றாருங்கய்யா."

ஒரின்பசாரின் கோபம் தணிந்தது. 'பாவம், அவரும் யாரிடமோ மாட்டிக்கொண்டிருக்கிறார்' என்று நினைத்துக்கொண்டார்.

விருந்தை ஆறு மணிக்குத் தள்ளினார். குதிரைக் கறியை அடுப்பில் ஏற்றும் நேரம் மறுபடியும் மாறியதைப் பற்றிச் சமையல்காரர் சொன்னதையெல்லாம் இங்கே எழுத முடியாது. மூன்றாவது முறையும் சம்பந்தியிடம் நேரம் மாறியதைச் சொல்ல ஒரின்பசாருக்கு வெட்கமாக இருந்தது. வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

அதன் பிறகு விமானத்தின் நேரம் மாறவே இல்லை. என்ன காரணம் என்று அவருக்கு விளங்கவில்லை.

சனிக்கிழமை நாலு மணிக்கு, லேசான பனிப்பொழிவில், வெள்ளை விமானம் இறங்கியது. ராய்குலும் அவளுடைய இரண்டு தங்கைகளும் சின்ன முனையத்தின் கண்ணாடிக் கதவுக்குக் குறுக்கே கயிற்றை இழுத்துப் பிடித்தார்கள். சம்பந்தி வீட்டார் பரிசு தராமல் கயிற்றைத் தாண்ட முடியாது. காவலாளி தடுக்க வந்தார். ஒரு தங்கை அவர் வாயில் மிட்டாயைத் திணித்தாள்.

முதலில் வந்து மாட்டியவர் கையில் ஒரு கோப்போடு வந்த பைலட்.

"நான் வெறும் பைலட்டுங்க!"

"அவங்களோட வந்தா நீங்களும் சம்பந்தி வீட்டார்தான். எடுங்க பரிசை!"

பைலட் பையைத் துழாவி இரண்டு சாக்லேட் கொடுத்தார். போதவில்லை. சட்டைப்பையிலிருந்த பேனாவையும் கொடுத்த பிறகுதான் கயிறு தாழ்ந்தது.

பின்னால் பெரியம்மா, மாப்பிள்ளை, மற்றவர்கள், மீன் மூட்டை, கடைசியாக எசென்கெல்தி. பட்டுத்துணிகளும் உறைகளும் கை மாறின. மிட்டாய் மழை பொழிந்தது. இரண்டு சம்பந்திகளும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். ஒரின்பசாருக்குக் கண் கலங்கியது. சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டார். இனி எந்தக் கோப்பைத் தேநீருக்கும் அக்பொத்தா தலைகுனிய வேண்டாம்.

"விருந்து ஆரம்பிச்சு ஒரு மணி நேரம் ஆகியிருக்குமே?" என்றார் எசென்கெல்தி.

"நீங்க இல்லாம ஆரம்பிப்போமா? ஆறு மணிக்குத் தள்ளிட்டேன். விடிய விடியக் கொண்டாட்டம்தான்!"

எசென்கெல்தியின் முகம் வெளுத்தது. "விடிய விடியவா? சம்பந்தி, உங்களுக்கு ஒரு ஆச்சரியம் வச்சிருந்தேன்... நீங்க இப்படி மாத்தி மாத்தி..."

"என்ன ஆச்சரியம்?"

அதற்குள் ராய்குலிடம் கெஞ்சித் தன் பேனாவைத் திரும்ப வாங்கிக்கொண்ட பைலட், இருவருக்கும் நடுவில் கோப்பினை விரித்து நீட்டினார்.

"வந்ததுக்கு நீங்க இங்க கையெழுத்துப் போடுங்கய்யா, ராத்திரி ஒரு மணிக்கு மணப்பொண்ணோட திரும்பறதுக்கு உங்க சம்பந்தி போன மாசமே போட்டுட்டாரு."