ரெண்டாவது நியூஸும் இரண்டு ஆடுகளும்

உலகத்தின் எந்த மூலையில் எந்த விஞ்ஞானி தப்புச் செய்தாலும், முதல் கண்டனம் நமுனுகுல மலையில் எங்கள் தேயிலைத் தோட்டத்திலிருந்துதான் கிளம்பும். கிளப்புகிறவர் மாதா கோயில் உபதேசியார். சாமியார் மாதத்துக்கு ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் ஜெபம் நடத்துவது இவர். சாயங்காலம் ரேடியோவில் செய்தி முடிந்ததும், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்து வாசலில் நின்று, அதே செய்திகளுக்கு உரத்த குரலில் தீர்ப்புச் சொல்லுவார். அதனால் அவருக்கு 'ரெண்டாவது நியூஸ்' என்று பெயர். தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த நான் பக்கத்து அறையில் குடியிருந்தேன். தப்பிக்க வழியே இல்லை.

ஒரு தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர், லயத்துக்குப் புதுத் தகரம் போட்டுத் தருவதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் குறுக்கே போய் நின்றார்.

"அது கெடக்கட்டுங்க. கருக்கலைப்புச் சட்டம் வந்தா நீங்க கை தூக்குவீங்களா, மாட்டீங்களா?"

வேட்பாளர் திருதிருவென்று விழித்தார். "ஐயா, மொதல்ல தகரத்தப் போட்டுருவோமே."

"கூரை ஒழுகினா சட்டி வைக்கலாம். ஆத்துமா ஒழுகினா என்னத்த வைப்பீங்க?"

தகரம் வரவில்லை. அதற்கும் இவரைத்தான் திட்டினோம்.

பிறகு விஞ்ஞானிகள் ஒரு செம்மறியாட்டைக் குளோனிங்கில் நகலெடுத்த செய்தி வந்தது. ரெண்டாவது நியூஸுக்குத் தூக்கம் போய்விட்டது. கிறிஸ்து பிறப்பான நத்தாருக்குக் கோயிலில் குடில் கட்டும்போது, ஒரே அச்சில் வார்த்த இரண்டு ஆட்டுப் பொம்மைகளையும் கையில் வைத்துக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மாஸ்டர், இதுல எது அசலு, எது நகலுன்னு தெரியலயே."

"அது பொம்மைங்க."

"இன்னைக்குப் பொம்மை!"

இரண்டையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். அந்த வருஷம் எங்கள் குடிலில் இடையன் மேய்க்க ஒன்றுமில்லாமல் கோலை ஊன்றிக்கொண்டு நின்றான். வயிறு வலிக்கச் சிரித்தோம். அத்தோடு நின்றிருக்கலாம்.

அவருடைய ஒரே மகள் செல்வி கொழும்பில் கடைக்காரர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டவள். வெகுகாலம் பிள்ளையில்லை. சில வருஷங்களுக்குப் பின் ஒரு நத்தாருக்குப் புருஷனோடு வந்திருந்தாள். அந்த வாரம் ரேடியோவில் சோதனைக்குழாய்க் குழந்தை பற்றி ஏதோ செய்தி. இவர் அதைக் கோயிலிலேயே பிடித்துக்கொண்டார்.

"கண்ணாடிக் குழாயில வர்ற புள்ள கடச் சரக்கு! கடவுள் குடுத்த புள்ள இல்ல!"

முன்வரிசையிலிருந்த செல்வி எழுந்து வெளியே போனாள். பசறைக்குப் போகிற அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

"புள்ளைக்கு என்ன, மயக்கமா?" என்று கேட்டார் இவர். அவர் மனைவிதான் உடைத்துச் சொன்னார்.

"ஏங்க, அவ அந்த வைத்தியம் செஞ்சுதான் முழுகாம இருக்கா. ஒங்ககிட்ட சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தா. அந்த ரேடியோவோட ஒங்க வாயையும் சேத்து மூடியிருக்கலாம்."

அன்று சாயங்காலம் செய்தி முடிந்தும் தீர்ப்பு வரவில்லை. லயத்துக்காரர்கள் ஒவ்வொருவராக வெளியே வந்து பார்த்தார்கள்.

"என்னங்க, பேட்டரி போயிருச்சா?"

"ஆமாப்பா, போயிருச்சு" என்றார். ரேடியோ பாடிக்கொண்டுதான் இருந்தது.

குழந்தை பிறந்ததும் கொழும்புக்குப் புறப்பட்டார். துணைக்கு நான். செல்வி உட்காரச் சொன்னாள், தேத்தண்ணி கொடுத்தாள். அவர் சாத்தியிருந்த அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ள எங்கம்மா?"

"கடச் சரக்கு தூங்குதுப்பா."

அவர் ஆறிப்போன தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழுந்தார். திரும்பும் ரயிலில் பதுளை வரைக்கும் வாய் திறக்கவில்லை. இந்த மனுஷன் கொஞ்ச நேரம் பேசாமல் இருக்க மாட்டாரா என்று எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன்! அன்றைக்கு என்னால் அதைத் தாங்க முடியவில்லை.

அடுத்த நத்தாருக்கு அலமாரி திறந்தது. ஆடுகள் இரண்டும் குடிலில், பாலன் இயேசுவுக்கு வெகு பக்கத்தில் நின்றன.

"இப்ப எது அசலுங்க?" என்று ஒருவன் சீண்டினான்.

"ரெண்டும் கடவுளோட புள்ளைங்கதான். பேசாம கும்பிடுடா."

அந்த வைத்தியம் சரியென்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. பேரனைப் பற்றி ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவும் இல்லை. ஒவ்வொரு நத்தாருக்கும் பஸ் வரும் நேரத்தில் கோயில் வாசலில் போய் நிற்பார். செல்வி வரவேயில்லை.

அவர் கண்ணை மூடியது ஒரு நத்தாருக்கு மறுவாரம். அப்போதுதான் செல்வி பையனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். கோயிலில் குடில் இன்னும் பிரிக்கப்படவில்லை. பையன் நேரே அங்கே போய், கைக்கொன்றாக ஆடுகளை எடுத்துக்கொண்டான்.

"அம்மா, ரெண்டும் ஏன் ஒரே மாதிரி இருக்கு?"

செல்வி என்னைப் பார்த்தாள். நான் பக்கத்தில் சவப்பெட்டியில் கிடந்தவரைப் பார்த்தேன். ஊர் உலகத்துக்கெல்லாம் பதில் சொன்ன மனுஷன், இந்த ஒரு கேள்விக்கு மட்டும் எழுந்து வந்திருக்கக் கூடாதா?