வேலிப் பொட்டு

உடுப்பிட்டி ஆழ்வாப்பிள்ளை காலையில் எழுந்ததும், தேநீர் குடிப்பதற்கு முன்னரே தம் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். கூட்டுறவுச் சங்கக்கடையில் மனேச்சராக இருந்த காலத்தில் மூட்டைகளைத் தட்டிப் பார்த்த அதே பாவனையில் ஒவ்வொரு செடியையும் பார்ப்பார், ஓர் இலையைப் புரட்டுவார், "ம்" என்பார். ஆனால் ஒரு காயையும் பறிக்க மாட்டார், கண் படும் என்று உற்றுப் பார்க்கவும் மாட்டார். நடுவது தம் கை, ஆய்வது மனைவி சிவக்கொழுந்தின் கை என்பது அந்த வீட்டின் சட்டம். ஆய்கிற கைக்கும் ஒரு ராசி வேண்டும் என்று சொல்லி அந்தச் சட்டத்தை இயற்றியவள் சிவக்கொழுந்துதான். அவர் சுற்றி முடித்து உள்ளே போனதும், அவள் பனையோலைக் கடகத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு செடிகளுக்குள் நுழைவாள். சற்று நேரத்தில் பளபளவென்ற கத்தரிக்காயும் நீண்ட புடலங்காயும் அடுப்படிக்கு வந்துவிடும்.

ஆயுள் முழுவதும் ஊருக்குச் சாமான் விற்றவர், இனித் தம் வீட்டுக்குக் கடைக் காய் வேண்டாம் என்று சபதம் எடுத்தது ஊருக்கு வேடிக்கையாக இருந்தது. உரமும் மருந்தும் தம் மண்ணில் படக்கூடாது என்றார். பூச்சியும் பிழைக்கத்தானே வேண்டும் என்றார். பூச்சிகள் அந்த வார்த்தையை முழுமனத்தோடு ஏற்றுக்கொண்டன.

அந்தச் சபதத்துக்குப் பின்னால் ஒரு துயரம் இருந்தது. ஓய்வு பெற்ற பின்னும் அவர் காலையில் எழுந்து, வெளுத்த சட்டையைப் போட்டுக்கொண்டு போய்ப் பூட்டிய சங்கக்கடையின் முன்னால் நிற்பார். புதிய மனேச்சர் வந்து கதவைத் திறந்ததும் பேசாமல் திரும்பி வருவார். வீட்டிலும் பேச்சில்லை. தோட்டத்தின் முதற் கத்தரிக்காய் கறியான அன்றுதான் அவர் சிரித்தார். மறுநாள் முதல் சங்கக்கடைப் பக்கம் போகவில்லை.

சென்ற வருடம் மாரி தொடங்குவதற்கு முன்னர் சிவக்கொழுந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், எழும்பவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள் ஆழ்வாப்பிள்ளை தாமே காய் ஆய இறங்கினார். அவளுடைய கடகத்தைக் காணவில்லை. ஒரு வாளியை எடுத்துக்கொண்டு போனார். கத்தரிக்காய்கள் எல்லாம் பூச்சி துளைத்துக் கிடந்தன. வெண்டிக்காய் கோணிப்போயிருந்தது. புடலங்கொடியில் பூவைத் தவிர வேறொன்றும் இல்லை. இலைகளின் மேல் நத்தைகள் உண்ட களைப்பில் உறங்கின. அவர் வரப்பில் அமர்ந்து வெறும் வாளியை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். ராசியான கையோடு தோட்டத்தின் உயிரும் போய்விட்டது என்று எண்ணினார்.

சில நாள் கழித்து ஒரு காலையில் கத்தரிச் செடியின் கீழ்ப் பழுதில்லாத கத்தரிக்காய்கள் கிடந்தன. பிறகு வெண்டிக்காய் கிடந்தது. ஆய ஆளில்லை என்று அறிந்து மண்ணே ஆய்ந்து வைக்கிறது என்று கண்டவர்களிடமெல்லாம் சொன்னார். அத்தோட்டத்து நத்தைகளுக்கு வாயிருந்து பேசவும் தெரிந்திருந்தால், இந்தக் கதை இவ்விடத்திலேயே முடிந்திருக்கும்.

ஆனால் ஒருநாள் மிளகாய்ச் செடியின் கீழ் ஒரு புடலங்காய் கிடந்தது.

மண்ணுக்கு எவ்வளவு அன்பிருந்தாலும் மிளகாய்ச் செடியில் புடலங்காய் காய்க்காது. ஆழ்வாப்பிள்ளைக்குள் உறங்கிய மனேச்சர் கண் விழித்தார். காம்பைப் பார்த்தார், கத்தியால் சரிவாக வெட்டியிருந்தது. விடயம் விளங்கிவிட்டது. யாரோ களவாகக் காய் அறுக்கிறார்கள். தம்முடைய இருமல் கேட்டதும் கைதவறிச் சிலவற்றைப் போட்டுவிட்டு ஓடுகிறார்கள். விழுந்ததே இவ்வளவு என்றால் போனது எவ்வளவு!

முதலில் வெற்றுத் தகர ரின்களைக் கயிற்றில் கோத்து வேலி நெடுகக் கட்டினார். கச்சான் காற்று அவற்றை விடிய விடிய அடித்தது. உறக்கமில்லாமல் கிடந்தவர் விடியப்புறத்தில் அயர்ந்து, கள்ளன் வரும் நேரம் பார்த்து நன்றாக உறங்கினார்.

அடுத்து, அளவெட்டியிலிருக்கும் மைத்துனி கமலாவதியிடம் ஒரு நாயைக் கேட்டு வாங்கி வைரவன் என்று பெயரிட்டார். வைரவன் அவரைக் கண்டால் குரைத்தது. பக்கத்து வீட்டு இராசமலரைக் கண்டால் வாலை ஆட்டியது. மீதி நேரத்தில் கத்தரிப் பாத்தியைத் தோண்டிக் குளிர்ச்சியாகப் படுத்தது. அதைத் தடுக்கப் பாத்தியைச் சுற்றி இலந்தை முள்ளைப் பரப்பினார். வைரவன் முள்ளைத் தாண்டியது. அவர் தாண்டவில்லை.

காலில் துணிக்கட்டோடு அமர்ந்திருந்த வேளையில்தான் வேலியிலிருந்த பொட்டு அவர் கண்ணில் பட்டது. ஓர் ஆள் குனிந்து புகுந்து போகக்கூடிய இடைவெளி அது. அதன் வழியாகத்தான் சிவக்கொழுந்தும் இராசமலரும் உப்பும் புளியும் ஊர்க்கதையும் மாற்றிக்கொள்வார்கள். அப்பால் இராசமலரின் தோட்டம் செழித்து நின்றது. அவளுடைய கணவர் தம்பிஐயா ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தார். பேச்சை உப்பைப்போல அளந்து பாவிப்பவர் அவர். ஆழ்வாப்பிள்ளை நொண்டிக்கொண்டே போய் அந்தப் பொட்டைப் பனையோலையாலும் முட்கம்பியாலும் அடைத்தார்.

அதன்பிறகு செடிகளின் கீழ் ஒன்றும் கிடக்கவில்லை. மிச்சம் போட்டுவிட்டுப் போன கள்ளன், இப்போது கோபத்தில் மிச்சமும் வைக்காமல் போகிறான் என்பது அவருடைய முடிவு. இராசமலரின் ஆடு நாள்தோறும் அடைத்த பொட்டடியில் வந்து நின்று கத்தியது. ஆடும் உடந்தை என்று அவர் தீர்மானித்தார்.

சிவக்கொழுந்தின் ஆண்டுத் திவசம் நெருங்கியது. அவளுக்குப் படைக்கும் ஒவ்வொரு கறியும் தம் காணியில் விளைந்ததாக இருக்கவேண்டும் என்று அவர் ஊரறியச் சொல்லியிருந்தார். சந்தையில் வாங்கலாமே என்று கமலாவதி மெல்லச் சொன்னாள்.

"உன்ரை அக்கா ஒருநாளும் கடைக் காய் திண்டதில்லை," என்றார். "செத்தாப் பிறகு திண்ணக் குடுக்கச் சொல்லுறியோ?"

அன்று மாலை அவர் வேலியடிக்குப் போனார்.

"இராசமலர், உங்கடை ஆடு ஏன் கத்துது எண்டு எனக்குத் தெரியும். வழி அடைபட்டுப் போச்செண்டு கத்துது."

"ஓம் அண்ணை. அதுக்குத்தான் கத்துது."

"அப்ப ஒப்புக்கொள்ளுறியள்."

"என்னத்தை?"

"அவ இருக்குமட்டும் ஒரு காய் குறையேல்லை. கண்ணை மூடினாப் பிறகு அறுத்தறுத்துக் கொண்டு போறியள். செத்த வீட்டிலை களவெடுக்கிறது நல்லதில்லை."

இராசமலர் "அக்கா இருந்திருந்தால் உங்களுக்கு விளங்கப்படுத்தியிருப்பா," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். தம்பிஐயா ஒருமுறை இருமினார். பிறகு அவர்களுடைய அடுப்படியில் யாரோ மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. புகையாக்கும் என்று ஆழ்வாப்பிள்ளை தமக்குள் சொல்லிக்கொண்டார். அந்தச் சமாதானம் அவருக்கே போதவில்லை.

திவசத்தன்று விடிந்தபோது தோட்டத்தில் ஒரே ஒரு கத்தரிக்காய் நின்றது, அதிலும் ஓட்டை. படைப்பதற்கு ஒன்றுமில்லாமல் தெருப் படலையைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார். வாசலில் ஒரு கடகம் இருந்தது. நிறையக் கத்தரிக்காய், புடலங்காய், வெண்டிக்காய், வாழைக்காய். கத்தரிக்காயின் காம்புகள் சரிவாக வெட்டப்பட்டிருந்தன. கடகமோ, சிவக்கொழுந்து சேலைக்கரை கிழித்து விளிம்பு தைத்த அதே கடகம்.

கள்ளி மனந்திரும்பிவிட்டாள் என்று அவர் நினைத்தார். களவெடுத்த கடகத்தையும் சேர்த்தே தந்திருக்கிறாள். அவருடைய நெஞ்சு இளகியது. கமலாவதி சமைத்தாள், படைத்தார்கள், காகம் வந்து உண்டது. தம் மண்ணின் காய் தம் மனைவிக்குச் சேர்ந்துவிட்டது என்ற நிறைவோடு, அவர் ஒரு வாழையிலையில் சோறும் கறியும் கட்டிக்கொண்டு, மறுகையில் கம்பி வெட்டும் குறட்டோடு வேலியடிக்குப் போனார். பொட்டின் கம்பியில் ஒன்றை அறுத்தார்.

"இராசமலர், நடந்ததை நான் மறந்திட்டன். எடுத்ததைத் திருப்பித் தந்திட்டியள், கடகத்தையும் தந்திட்டியள். அவவும் மன்னிப்பா."

இராசமலர் சோற்றுக்குக் கை நீட்டவில்லை.

"அந்தக் கடகம் அக்கா கடைசியாய் வந்தண்டு இஞ்சை வைச்சிட்டுப் போனது, அண்ணை."

"கடகத்தோடை இஞ்சை ஏன் வந்தவ?"

அவள் கணவரைப் பார்த்தாள். தம்பிஐயா தலையசைத்தார். பிறகுதான் சொன்னாள். தோட்டம் போட்ட முதல் வருடம் காய்த்த கத்தரிக்காய் முழுவதும் பூச்சி. இதைக் கண்டால் மனுசன் திரும்பவும் பூட்டின கடை வாசலிலே போய் நிற்பார் என்று சிவக்கொழுந்து இந்தப் பொட்டடியில் நின்று அழுதாள். இராசமலர் தன் செடியில் கொஞ்சம் அறுத்துக் கொடுத்தாள். அன்றுதான் அவர் சிரித்தார். அதன்பின் நாள்தோறும் சேலைத் தலைப்பின் கீழ்ப் பூச்சிக் காய் இராசமலர் வீட்டுக்கு வரும். நல்ல காய் அப்பால் போகும். பதிலுக்குச் சிவக்கொழுந்து இவர்களின் உடுப்பெல்லாம் தைத்துக் கொடுத்தாள். அவள் இறந்த பிறகு அடுப்படியில் வாங்கி வைக்க ஆளில்லாததால், இராசமலர் விடியுமுன் வந்து பூச்சிக் காயை அறுத்துக்கொண்டு, நல்ல காயைச் செடியின் கீழே வைத்தாள். இருட்டில் ஒருநாள் செடி மாறிப்போய்விட்டது.

ஆழ்வாப்பிள்ளை இலைப்பொதியை மெல்லக் கீழே வைத்தார். மீதிக் கம்பியை வெறுங்கையால் பிடித்து இழுத்தார், ஓலையைப் பிய்த்தார், பக்கத்தில் நட்டிருந்த வேலிக் கதியாலையும் அசைத்துப் பிடுங்கினார். இனி அந்தப் பொட்டால் குனியாமலே போகலாம். அவருடைய கையில் முட்கம்பி கீறிய இடத்தில் இரத்தம் வந்தது.

"நான் கதைச்ச கதைக்கு என்னை மன்னிக்கவேணும், பிள்ளை," என்றார். "இப்ப பார்த்தால் என்ரை காணி ஒருநாளும் ஒரு நேரக் கறிக்குக் காணேல்லை."

திறந்த பொட்டால் ஆடு அவரை இடித்துக்கொண்டு உள்ளே போய், மிஞ்சி நின்ற ஓட்டைக் கத்தரிக்காயைக் கடித்தது. தம்பிஐயா அதைத் துரத்தவில்லை, அன்றுதான் வாயைத் திறந்தார்.

"ஏன் காணாது, அண்ணை? உங்கடை பூச்சிக் காய் முழுக்க இந்த ஆடுதான் திண்டது. எங்கடை தோட்டம் முழுக்க இந்த ஆட்டெருவிலைதான் காய்ச்சது."