மூடியை இனித் திறப்பதில்லை

காத்தான்குடி,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள காக்காவுக்கு, தங்கை ஸாதியாவின் ஸலாம். கத்தார் வெயிலை அல்லாஹ் உங்கள் தலைக்குமேல் கொஞ்சம் குறைத்துத் தருவானாக. இங்கே நானும் உம்மாவும் சுகம். உங்கள் கார் மட்டும் சுகமில்லாமல் கிடந்து தேறிவிட்டது.

கார்ச் சாவியைத் தம்பி அஸ்கரிடம் கொடுக்கச் சொல்லி நீங்கள் அனுப்பிய குரல் பதிவை மூன்று முறை கேட்டேன். அவன் என்ன சொல்லி வைத்தானோ! நடந்தபோது அவன் அங்கே இருக்கவுமில்லை. உள்ளதை நான் எழுதுகிறேன், வாசித்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.

பயணம் போகும்போது "பிரேக் ஒயிலக் குறைய விடாத" என்றீர்களே, அதை நம்பி ஒப்படைத்த அமானிதமாக எடுத்துக்கொண்டேன். தினமும் சுபஹு தொழுதுவிட்டுப் பொனட்டைத் தூக்கி, பிஸ்மி சொல்லி, பிரேக் ஒயில் டாங்கியின் மூடியைத் திறந்து, கழுவிக் காயவைத்த தென்னை ஈர்க்கிலை உள்ளே விட்டு அளந்து கொப்பியில் எழுதுவேன். இருநூற்றுப் பதினொரு நாள், பெருநாளன்றுகூடத் தவறவில்லை. அரை விரல் குறைந்தால் அரை விரல் ஊற்றுவேன். வாவிக் காற்றுப் பட்டால் ஒயிலுக்கு நல்லதென்று சில நாள் மூடியைத் திறந்தபடி விட்டுப்போய்த் தேத்தண்ணியும் குடித்து வருவேன்.

போன கிழமை உம்மாவின் சத்திரசிகிச்சை செய்த கண்ணைக் காட்டிக் கண்டியிலிருந்து திரும்பும்போது, பதினெட்டு வளைவு மலையிறக்கத்தில் பத்தாவது வளைவோடு பிரேக் குழைந்த சோறு மாதிரி ஆகிவிட்டது. மிதித்தால் கால் போகிறது, காரும் போகிறது. நான் சத்தமாகக் கலிமாச் சொல்ல, உம்மா, "என்னகா, தொழுகைக்கு இன்னும் நேரம் இரிக்கே" என்கிறா.

"பிரேக் இல்ல உம்மா!"

"இல்லாட்டி மஹியங்கனை டவுன்ல வாங்குவம், நீ ரோட்டப் பாரு!"

கியரைக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, பலாப்பழக் கொட்டில் ஒன்றின் மண்மேட்டில் மெல்லப் போய்ச் சாய்ந்தோம். ஒருவருக்கும் கீறலில்லை. உம்மா இறங்கிப் பழத்தைத் தட்டிப் பார்த்து விலை கேட்டா. ஒரு மணித்தியாலம் ஆறியதும் பிரேக் தானாகவே திரும்பி வந்தது. ஊர்ந்து ஊர்ந்து ஊர் வந்தோம்.

மெக்கானிக் மர்சூக் பார்த்துவிட்டு, "ராத்தா, இது காத்துல இரிக்கிற ஈரத்தக் குடிக்கிற ஒயில். சூடேறினா அந்தத் தண்ணி கொதிச்சு ஆவியாகும். மறுகா நீங்க மிதிச்சா ஆவிதான் நசுங்கும், பிரேக் எங்க பிடிக்கிற? ஆரு இதத் திறந்த?" என்றான். கொப்பியைக் கொடுத்தேன். ஐந்து பக்கம் புரட்டிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டான்.

"டாங்கி உள்ள தெரியிற வெள்ளைப் பிளாஸ்டிக் ராத்தா! வெளியால ரெண்டு கோடு போட்டிரிக்கி. ஒயில் அதுக்கு நடுவில நிண்டாச் சரி. குறைஞ்சா, பிரேக் கட்டை தேஞ்சிரிக்கோ, எங்கயும் ஒழுகுதோ எண்டு பாக்கணும். சும்மா ஊத்தப்படாது."

பழைய ஒயிலை முழுக்க எடுத்துப் புதிது விட்டான். இனி இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதுமாம்.

காக்கா, அடுத்த மாதம் உம்மாவின் மற்றக் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை. அஸ்கர் ஓட்டினால் ஒற்றைக் கண்ணோடேயே இருந்துகொள்வாவாம். சாவி என்னிடமே இருக்கட்டும். அந்த மூடியில் இனிக் கை வைக்கமாட்டேன். வெளியில் நின்று கோட்டை மட்டும் பார்ப்பேன். இது சத்தியம்.

உங்கள் உழைப்பில் அல்லாஹ் பறக்கத்தைச் சொரிவானாக.

தங்கை ஸாதியா

பி.கு: கோடு தெளிவாகத் தெரியட்டும் என்று இன்று காலை டாங்கியைச் சட்டி விளக்கும் கம்பிப் பஞ்சால் நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். ஒயில் இப்போது பளிச்சென்று தெரிகிறது. கோடுகள் இரண்டையும்தான் காணவில்லை. மூடியைத் திறக்காமல் ஈர்க்கிலை உள்ளே விட ஏதாவது வழி உண்டா?