ஆள் நிறைந்ததும் வண்டியை எடுங்கள்

ஒரு காரியத்தை முழுதாகக் கெடுக்கச் சோம்பேறியால் முடியாது. அதற்கு நல்ல சுறுசுறுப்பு வேண்டும். இருபத்திரண்டு வயதில் என்னிடம் அது ஏராளமாக இருந்தது. பி.காம். முடித்து, கம்ப்யூட்டர் டிப்ளமோவும் முடித்து, கம்பத்தில் எந்தக் கடை வாசலில் நின்றாலும் அந்தக் கடையை எப்படி நடத்த வேண்டும் என்று முதலாளிக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். (கேட்டாகளா? கேக்கல. அதுக்காக விட்ருவமா?)

என் தொல்லை தாங்காமல் வீட்டில் என்னைத் தள்ளிவிட்ட இடம்தான் தாய்மாமன் காதர் மாமுவின் சங்கம். கம்பத்திலிருந்து மலைக்கு மேலே கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குத் தினமும் கூலி ஆள் அனுப்பும் ஏஜெண்டுகள் இருபத்து நான்கு பேர் சேர்ந்து வைத்த சங்கம் அது. மாமுதான் தலைவர். நான் கடிதம் தட்டச்சு செய்பவன், டீ சொல்பவன், யோசனை வழங்குபவன். மூன்றாவதை யாரும் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில் சென்னையில் இருந்த ஒரு மாநிலக் கூட்டமைப்பு எங்களைக் கிளையாகச் சேர்க்க யோசித்தது. வேலைக்கு ஆள் எடுத்துக் கொடுப்பவர்களுக்கு வரும் ஆண்டில் சங்கம் எப்படியெல்லாம் துணை நிற்கும் என்று பேச, அதன் செயலாளர் தேனிக்கே வருவதாகக் கடிதம் போட்டார். கூட்டம் திருப்தியாக இருந்தால் அங்கேயே சான்றிதழில் கையெழுத்து. அடுத்த ஆண்டிலிருந்து அந்தச் சான்றிதழ் உள்ளவர்களிடம் மட்டுமே ஆள் எடுப்போம் என்று பெரிய எஸ்டேட்டுகள் சொல்லிவிட்டதால், கையெழுத்து விழாவிட்டால் இருபத்து நான்கு பேரின் பிழைப்பும் அந்தரத்தில்.

"ஏலே, கூட்டம் ஒம் பொறுப்பு" என்றார் மாமு. "நல்லா நடந்துச்சுன்னா நீதேன் சங்கத்துக்குச் செயலாளரு. கோளாறு ஆச்சுன்னா திராட்சைப் பெட்டிக்கு ஆணி அடிக்கப் போயிரு."

எல்லா உறுப்பினர்களுக்கும் சுற்றறிக்கை அனுப்பினேன். பிறகு நினைவூட்டல். பிறகு, நினைவூட்டல் கிடைத்ததா என்று கேட்டு ஒன்று. கூட்டத்தன்று ஏஜெண்டுகளின் ஜீப் எதுவும் மலைக்குப் போகாது. அதில் நான்கு ஜீப் உறுப்பினர்களைத் தேனிக்கு ஏற்றி வரும். வண்டிக்கு ஆறு பேர், வசதியாக. உறுப்பினர்கள் ஆறரைக்குக் கம்பம் ஜீப் ஸ்டாண்டுக்கு வர வேண்டும். டிரைவர்களைக் கூப்பிட்டு, "ஆறு மணிக்கே போய் நில்லுங்கண்ணே. ஆள் நெறஞ்சதும் எடுத்திருங்க. வேற ஒன்னும் கேக்க வேணாம்" என்றேன். கூட்டம் நடக்கும் மண்டபத்தைப் பார்த்துக்கொள்ள முதல் நாளே தேனிக்குப் போய்விட்டேன்.

இத்தனை பேருக்குச் சொன்னவன், தினமும் விடியும் முன்பே அதே ஸ்டாண்டுக்கு வரும் கூலிப் பெண்களுக்கு நாளைக்கு வேலை கிடையாது என்று சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அவர்களுக்கு யாரும் எதையும் சொல்லி வழக்கமே இல்லை. ஜீப் வந்து நின்றால் ஏறி உட்கார வேண்டும். உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு வேலை உறுதி. எங்கே போகிறது என்று கேட்டு இறங்கினால், மறுநாள் அந்த ஆளுக்கு இடம் இருக்காது. கம்பத்தில் பிறந்த எவனுக்கும் தெரிந்த சட்டம் இது. எனக்கும் தெரியும். அதுதான் கேவலம்.

காலை ஏழரைக்கு மண்டப வாசலில் ஜீப்புகள் வந்து நின்றன. மாலையோடு ஓடினேன். முதல் வண்டியிலிருந்து பதினாறு பெண்கள் இறங்கினார்கள். சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டை, கையில் தூக்குச்சட்டி. நான்கு வண்டியிலும் சேர்த்து அறுபத்து மூன்று பேர். "ஆள் நெறஞ்சிருச்சு, எடுத்துட்டோம்" என்று சொல்லிவிட்டு டிரைவர்கள் புரோட்டாக் கடை தேடிப் போய்விட்டார்கள்.

எல்லாருக்கும் முன்னால் நின்ற சின்னத்தாயி அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏந்தம்பி, இங்கன செடியக் காணோம். என்னா வேல?"

"இது கூட்டம்க்கா."

"கூட்டவா? வெளக்கமாறு எங்கன?"

நான் விளக்குவதற்குள் அறுபத்து மூன்று பேரும் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். பத்தே நிமிடத்தில் மண்டபம் பளபளத்தது. தோட்டத்தில் ஆளுக்கொரு வரிசை பிடிப்பதுபோல் பிடித்து, தாறுமாறாகக் கிடந்த நாற்காலிகளை நூல் பிடித்தாற்போல் போட்டு, அதிலேயே உட்கார்ந்தும் விட்டார்கள். நான் மாமுவின் செல்போனுக்கு அடித்தேன். இன்கமிங்குக்கும் காசு போன காலம். மாமு அதை அணைத்தே வைத்திருப்பார்.

ஒன்பது மணிக்கு வர வேண்டிய செயலாளர் எட்டுக்கே வந்து இறங்கினார். வெள்ளைச் சட்டை, கையில் தோல் பை. அரங்கத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இவங்க எல்லாருமே உறுப்பினர்களா?"

என் தலை ஆமாம் என்றும் இல்லை என்றும் ஒரே நேரத்தில் ஆடியது. அவர் தனக்குப் பிடித்த பாதியை எடுத்துக்கொண்டார். "அருமை! இந்தத் தொழிலில் இத்தனை பெண்களை நான் எங்கேயும் பார்த்ததில்லை" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உண்மையைச் சொன்னால் கையெழுத்துப் போய்விடும். சொல்லாவிட்டால் எது போகும் என்று யோசிக்க நேரமில்லை. மைக்கை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

அவர் அழகாகப் பேசினார். வரும் ஆண்டில் ஒவ்வொரு உறுப்பினருக்கும் படம் ஒட்டிய அட்டை. சட்டச் சந்தேகம் கேட்க ஒரு தொலைபேசி எண். எஸ்டேட்டோடு போட வேண்டிய ஒப்பந்தத்துக்குப் பொதுவான படிவம். சரியான ஆளைத் தேர்ந்தெடுக்கப் பயிற்சி.

"அதுக்கு எதுக்கு சார் பயிற்சி?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். "வெரல்ல தழும்பு இருந்தா ஏலக்கா எடுத்த ஆளு."

செயலாளர் அதை நோட்டில் குறித்துக்கொண்டார். பிறகு, "உங்க தொழிலில் பெரிய சிக்கல் எது? மனம் விட்டுச் சொல்லுங்க" என்று கேட்டார்.

சின்னத்தாயி அக்கா எழுந்தார். "ஜீப்புதேன் சார். பதினாறு, பதினெட்டுன்னு ஏத்துறாக. மல மெட்டு ஏறையில பின்னாடி தொங்குறவளுக்குத் தன் காலு எங்கன இருக்குன்னே தெரியாது. பத்துக்கு மேல ஏத்தப்பிடாதுன்னு சங்கத்துல சொல்லணும்."

"தண்ணிக் கேனு ஒன்னு வண்டியில வைக்கச் சொல்லு மதினி" என்றார் இன்னொருவர்.

செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. "தங்கள் தவறைத் தாங்களே திருத்திக்கொள்ள முன்வரும் உறுப்பினர்கள்!" என்றார். "தீர்மானமாகவே போடலாமா?" அறுபத்து மூன்று கைகள் உயர்ந்தன. எழுத ஆளில்லாததால் தீர்மானப் புத்தகத்தில் நானே எழுதினேன். சங்கம் யாருடையது என்றே அப்போது எனக்குக் குழம்பிவிட்டது. எழுதிப் பார்த்தால் தீர்மானம் சரியாகத்தான் இருந்தது. அது இன்னும் குழப்பியது.

செயலாளர் தீர்மானத்துக்குக் கீழே கையெழுத்துப் போட்டுவிட்டு, சான்றிதழிலும் போட்டுக்கொண்டிருந்தபோது வாசலில் சத்தம். காதர் மாமுவும் இருபத்து மூன்று ஏஜெண்டுகளும். காத்திருந்து பார்த்து, கூட்டமான பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருந்தார்கள். சட்டையெல்லாம் நனைந்து ஒட்டியிருந்தது.

"இவங்க யாரு?" என்றார் செயலாளர்.

சின்னத்தாயி அக்காதான் பதில் சொன்னார்: "இவுகதேன் சார், தெனமும் எங்கள ஜீப்புல ஏத்தி விடுறவுக."

"ஓ, டிரைவர்களா? நல்லது. பின்னால போய் உட்காருங்கப்பா."

மாமு என்னைப் பார்த்தார். மேஜையில் ஈரம் காயாத கையெழுத்தைப் பார்த்தார். தலைவர் நான்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் அந்தக் காகிதம் கிழிந்துவிடும் என்பது அவருக்கு நொடியில் புரிந்தது. கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். (அந்த மனுசன் கடைசி வரிசையில ஒக்காந்தத நான் அதுக்கு முன்னையும் பாத்ததில்ல, பின்னையும் பாத்ததில்ல.)

செயலாளர் சின்னத்தாயி அக்காவை மேடைக்கு அழைத்து, சால்வை போர்த்தி, சான்றிதழைக் கொடுத்தார். அக்கா அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, மேடையை விட்டு இறங்கி, நேராகக் கடைசி வரிசைக்கு வந்து மாமுவின் மடியில் வைத்தார்.

"ராவுத்தரய்யா, பத்திரமா வச்சுக்கிடுங்க. தம்பி புத்தகத்துல பத்துன்னு எழுதியிருக்கு. பெரிய சாரு கையெழுத்தும் போட்டுட்டாக."

அக்காவுக்கு எப்போது எல்லாம் புரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மண்டபத்துக்குள் நுழைந்ததுமே புரிந்திருக்கும் என்பது மாமுவின் கட்சி.

செயலாளர் பதவி எனக்குக் கிடைத்தது. ஆணி அடிக்க அனுப்பினால் உண்மை வெளியே வரும் என்று மாமு பயந்தார். மறுவாரத்திலிருந்து சங்கத்து ஜீப்புகளில் பத்துப் பேர்தான். எஸ்டேட்டில் எவராவது கேட்டால் தீர்மானப் புத்தகத்தைக் காட்ட வேண்டியிருந்ததே! அதற்காக ஏஜெண்டுகள் இரண்டு ஜீப் கூடுதலாகப் பிடித்தார்கள். என்னோடு நான்கு மாதம் யாரும் பேசவில்லை.

மாமு மட்டும் காத்திருந்தார். மூன்று வருடம் கழித்து என் நிக்காஹுக்குப் பெண் ஊரான தேவாரத்துக்குப் புறப்பட்டோம். முன் ஜீப்பில் சொந்தக்காரர்கள் ஏறி முடித்தபின், பட்டுச் சட்டையும் மாலையுமாக நான் ஏறினேன். மாமு விரல் விட்டு எண்ணினார். "பதினொன்னு. எறங்குலே."

"மாமு, நான் மாப்பிள!"

"தீர்மானம் யாரு கையெழுத்துல இருக்குலே?"

பின்னால் சீர்வரிசை வாழைத்தார்களோடு வந்த வேனில் ஏறிக்கொண்டேன். பெண் வீட்டில் பந்தல் வாசலில் எல்லாரும் இறங்கிய பிறகு, தார்களுக்கு நடுவிலிருந்து என்னைத்தான் கடைசியாக இறக்கினார்கள். இப்போதும் பிள்ளைகள் கல்யாண ஆல்பத்தைத் திறந்து, மாலையில் ஏன் வாழைச் சருகு ஒட்டியிருக்கிறது என்று கேட்டால், என் மனைவி நிமிராமலே சொல்லுவாள்: "ஒங்க அத்தா சீர்வரிசையோட சேந்து வந்தவுக."