படகில் பால் காய்ச்சிய கதை

முழுப்பொய் சொல்லி மாட்டிக்கொள்கிறவன் மீது நாலு பேராவது இரக்கப்படுவார்கள். பாதி உண்மை சொல்லி மாட்டிக்கொள்கிறவனுக்கு அதுவும் இல்லை. நான் இரண்டாவது ரகம்.

எண்பதுகளின் கடைசியில் கல்யாணத் தரகருக்கு எழுதிய கடிதத்தில், "மாப்பிள்ளைக்கு லண்டனில் தண்ணீர்க்கரையோரம் சொந்த வீடு" என்று குறிப்பிட்டிருந்தேன். அந்த வீடு மிதந்துகொண்டிருக்கிறது என்ற விபரத்தை இடம் போதாமல் விட்டுவிட்டேன். (கடிதத்தின் பின்பக்கம் முழுவதும் வெறுமையாகத்தான் கிடந்தது.)

அது சவுத்தால் பக்கத்துக் கால்வாயில் கட்டியிருந்த இரும்புப் படகு. அறுபதடி நீளம், ஏழடிக்கும் குறைவான அகலம். வேலைத்தலத்தில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஸ்பெயினுக்குப் போகும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனது. அதில் குடியிருப்பது, தீராத நோயாளி ஒருவரோடு குடியிருப்பது போல. பின்பக்கத்தில் விசிறியைச் சுழற்றும் தண்டு வழியாகத் தண்ணீர் உள்ளே வராமலிருக்க, தினமும் ஒரு பித்தளைப் பிடியைத் திருகி அதற்குக் கிறீஸ் ஊட்ட வேண்டும். குடிதண்ணீர் முடிந்தால் வீட்டையே ஓட்டிக்கொண்டு குழாயடிக்குப் போக வேண்டும். கக்கூஸ் பெட்டி நிரம்பினால் அதை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, உலாவ வருகிறவர்களுக்கெல்லாம் "குட் மோர்னிங்" சொல்லியபடி கொண்டுபோய் ஊற்ற வேண்டும். ஊரில் குடித்த தேத்தண்ணிக் கோப்பையைக்கூடக் கழுவாதவன் நான்.

பக்கத்துப் படகில் மோரீன் என்ற வெள்ளைக்காரி இருந்தா. நான் குடிவந்த அன்றே ஒரு விஷயத்தை எச்சரித்திருந்தா. சமையல் காஸ் காற்றைவிடப் பாரம். படகுக்குள் கசிந்தால் அது வெளியே போகாது. தரைப்பலகைக்குக் கீழே இறங்கித் தண்ணீர் மாதிரித் தேங்கி நிற்கும். பிறகு ஒரு தீக்குச்சி போதும்.

இந்த நிலைமையில்தான் பெண் பகுதியினர் ஒரு கோடைகால ஞாயிறு மத்தியானம் மோர்டனில் இருந்து வந்தார்கள். பெண் மாலதி, அவளின் சித்தப்பா, சின்னம்மா. தாய் தகப்பன் ஊரில். ஆகவே ஓம் என்பதும் ஏலாது என்பதும் சித்தப்பாவின் வாயில் இருந்தது. எனக்கு வயது முப்பத்துமூன்று. ஏற்கெனவே மூன்று சம்பந்தங்கள் குழம்பியிருந்தன. இதுவும் குழம்பினால் சாதகத்தைத் திருப்பி அனுப்பிவிடுவதாகத் தரகர் சொல்லியிருந்தார்.

சித்தப்பா கரையில் நின்று படகைப் பார்த்தார். அதற்குப் பின்னால் ஏதும் கட்டடம் இருக்கிறதா என்று எட்டியும் பார்த்தார்.

"வீடு எங்கை தம்பி?"

"இதுதான் அங்கிள்."

"இது வள்ளமெல்லோ."

"உள்ளுக்கு வந்து பாருங்கோ. கார்ப்பெட் போட்டிருக்கு."

செருப்புகளைக் கரையில் கழற்றிவிட்டுக் குனிந்து குனிந்து உள்ளே வந்தார்கள். சித்தப்பாவின் முகம் கறுத்துக்கொண்டே போனது. காப்பாற்றியது சின்னம்மா.

"வள்ளமெண்டா என்ன, குடியிருக்கிற இடம்தானே. பால் காய்ச்சினனீரே தம்பி?"

"இல்லை அன்ரி."

"அதுதானே பாத்தன். பால் காய்ச்சாத வீட்டிலை சம்பந்தம் எப்பிடிப் பொருந்தும்?"

மூன்று தோல்விகளுக்கும் காரணம் தெரிந்துவிட்டது. உடனே புதுச் சட்டியை அடுப்பில் வைத்தோம். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தால் விசேஷம். ஆனால் படகு மேற்கே சாய்ந்திருந்தது. (நிலக்கரி மூட்டைகளை நான் அந்தப் பக்கம் அடுக்கியிருந்தேன்.) பால் நுரைத்து எழும்பும் நேரத்தில் சித்தப்பா கட்டளையிட்டார்.

"எல்லாரும் கிழக்காலை வந்து நில்லுங்கோ."

நாலு பேரும் கிழக்குச் சுவரோடு பல்லிகள் போல ஒட்டினோம். படகு மரியாதையாகச் சாய்ந்தது. பால் கிழக்காலேயே பொங்கி அடுப்பை முழுக்காட்டியது. சின்னம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. சித்தப்பா என் முதுகில் தட்டி, "நல்லாப் பொங்கிச்சுது மருமகன்" என்றார். அந்த மருமகன் என்ற சொல்லில் எனக்குக் கண்மண் தெரியவில்லை. அடுப்பு அணைந்ததையும் அதன் திருகு திறந்தபடியே இருந்ததையும் ஒருவரும் கவனிக்கவில்லை.

மிச்சப் பாலில் சீனி போட்டுக் குடித்தோம். கல்யாண மண்டபம் பற்றிக் கதைத்தோம். கடைசியில் சின்னம்மா கைப்பையைத் திறந்து, "சாமிப்படத்துக்கு ஒருக்கால் கற்பூரம் காட்டுவம்" என்றா. தீப்பெட்டி அடித்தட்டில் இருந்தது. எடுக்கக் குனிந்தேன். தரையோடு அழுகிய முட்டை நாற்றம்.

அந்த நேரத்தில் ஒழுங்காக ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். "காஸ் கசிந்துவிட்டது, தயவுசெய்து வெளியே போங்கள்." நான் செய்தது வேறு. அடுப்புத் திருகை மூடிவிட்டு, தீப்பெட்டியை ஜன்னலால் கால்வாய்க்குள் எறிந்து, சின்னம்மாவின் கையிலிருந்த கற்பூரத்தைப் பறித்து அதையும் எறிந்தேன்.

"எல்லாரும் ஓடுங்கோ. கீழை கிடக்குது. கண்ணுக்குத் தெரியாது."

"ஆர் தம்பி கிடக்கிறது?"

மூவரையும் வெறுங்காலோடு கரைக்குத் தள்ளிவிட்டேன். சத்தம் கேட்டு வந்த மோரீன் மோந்து பார்த்தா. சுவிட்ச் ஒன்றையும் தொடாதே, கதவு ஜன்னலைத் திற, பலகையைக் கிளப்பி வாளியால் அள்ளி வெளியே ஊற்று என்று எனக்கு மட்டும் கேட்க இங்கிலீசில் சொல்லிவிட்டு, தன் நாயையும் இழுத்துக்கொண்டு வெகுதூரம் போய்விட்டா. காஸ் பாரமானதால், அந்தக் காலத்துப் படகுக்காரர்களின் வைத்தியம் அது.

நான் இரும்பு வாளியை எடுத்து, பொறி தட்டும் என்று பயந்து வைத்துவிட்டு, பிளாஸ்டிக் வாளியை எடுத்தேன். பலகையைக் கிளப்பினேன். வெறும் வாளியை உள்ளே விட்டு, மெல்லத் தூக்கி, சிந்தாமல் நடந்துபோய்க் கால்வாயில் கவிழ்த்தேன். திரும்பவும் அள்ளினேன். திரும்பவும் கவிழ்த்தேன்.

"என்னப்பா இறைக்கிறார்?" என்று சின்னம்மா கேட்பது காதில் விழுந்தது.

"ஒண்டும் காணேல்லை" என்றார் சித்தப்பா. பிறகு என்னைப் பார்த்து, மிகவும் தன்மையாக, "தம்பி, வாளியிலை ஒண்டுமில்லை" என்றார்.

"இருக்கு அங்கிள். நிரம்பக் கிடக்கு. கிட்ட வராதேங்கோ, காலிலை ஊத்துப்படும்."

சித்தப்பா செருப்பைக் கொழுவினார். "வெளிக்கிடுங்கோ."

நாலாவது சம்பந்தமும் போய்விட்டது. அழுதுகொண்டே அள்ளினேன். சாவதானால் இப்போதே வெடிக்கட்டும் என்றுகூட நினைத்தேன். அப்போது படகு லேசாக ஆடியது. அதுவரை வாயே திறக்காத மாலதி, பால் காய்ச்சிய சட்டியோடு எனக்கு எதிரே முழந்தாளில் இருந்தாள்.

"எங்கை ஊத்திறது?"

"அந்தப் பக்கம்."

"இன்னும் எவ்வளவு கிடக்கு?"

"பாதி போயிட்டுது."

இருவரும் நாற்றம் போகும்வரை இறைத்தோம். அந்தக் கிழமையே சித்தப்பா ஓம் என்று சொல்லியனுப்பினார்.

கல்யாணமாகி, கிங்ஸ்பரியில் ஆடாத அசையாத ஒரு வீட்டுக்கு வந்து, இரண்டு வருடம் கழித்து ஒருநாள் பெருமையாகக் கேட்டேன். "அண்டைக்குக் காஸெண்டு விளங்கித்தானே உள்ளுக்கு வந்தனீர்?"

"காஸோ?" என்றாள் மாலதி.

அந்நாளில் அவள் ஒரு மனநோய் வார்டில் உதவியாளராக வேலை செய்துகொண்டிருந்தாள். நோயாளியோடு வாதாடக்கூடாது, பக்கத்தில் இருந்து ஆறுதலாகச் சேர்ந்து செய்ய வேண்டும் என்பது அங்கே பழகிக்கொண்ட பாடமாம். இல்லாததை இறைத்தாலும் ஒரு சொட்டுச் சிந்தாமல் இறைக்கிறாரே, கவனமான மனுசன் என்று நினைத்தாளாம். நாற்றத்தைக் கக்கூஸ் பெட்டியின் கணக்கில் எழுதிவிட்டாளாம்.

"சித்தப்பாவை எப்பிடிச் சம்மதிக்க வைச்சனீர்?"

"சுகப்படுத்தலாமெண்டு சொன்னனான்."

இப்போது நான் கார்த் திறப்பைத் துலைத்துவிட்டு வீட்டுக்குள் தலைதெறிக்க ஓடினால், "அம்மா, அப்பா இறைக்கத் தொடங்கீட்டார்" என்று பிள்ளைகள் குரல் கொடுக்கிறார்கள். சித்தப்பாவுக்குக் காஸ் விஷயத்தைப் பத்துத் தடவையாவது விளங்கப்படுத்தியிருப்பேன். ஒவ்வொரு தடவையும் தன்மையாகத் தலையாட்டுவார். டெலிபோன் எடுத்தால் மாலதியிடம்தான் என் சுகத்தை விசாரிப்பார்.

"இன்னும் முழுசாய் இல்லை, சித்தப்பா" என்பாள் அவள், நான் பக்கத்திலேயே இருக்க. "ஆனால் முந்தியைவிடப் பரவாயில்லை."